கண்ணிமை அரிப்பும் குங்குமப்பூ கிரீமும்: டப்பாவின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது? (சிங்கப்பூர் இணையக் கருத்துக்களம்)

1 · குங்குமச்சிமிழ் (ஈசூன்) · திங்கள், இரவு 9.40

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். எனக்கோ இரண்டு கண்ணிமைகளும் சிவந்து, தோல் உரிந்து கிடக்கின்றன. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரிப்பு. வீட்டில் வெள்ளையடிப்பு, சாமான் இடமாற்றம், பெயிண்ட் வாசனையில் தலைவலி. இதற்கு நடுவில் இந்த முகத்தை வைத்துக்கொண்டு வேலைக்கும் போய் வருகிறேன்.

எனக்குச் சந்தேகம் ஒன்றின்மேல்தான். பத்து நாளுக்கு முன் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் 18 வெள்ளி (டாலர்) கொடுத்துக் குங்குமப்பூ கிரீம் ஒன்று வாங்கினேன். முன்பக்கம் குங்குமப்பூவும் மஞ்சள் கிழங்கும் படமாக இருக்கின்றன. 'முழுக்க இயற்கை' என்று தங்க எழுத்து. பின்பக்கத்தை அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்து அப்படியே எழுதுகிறேன்:

அக்வா, பாராஃபினம் லிக்விடம், கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், செட்டீரில் ஆல்கஹால், டைமெதிகோன், நியாசினமைடு, ட்ரைஎத்தனாலமைன், ஃபினாக்ஸிஎத்தனால், பர்ஃப்யூம், குரோகஸ் சட்டைவஸ் எக்ஸ்ட்ராக்ட், குர்குமா லோங்கா எக்ஸ்ட்ராக்ட், லினலூல், லிமோனீன், சிஐ 19140, சிஐ 15985.

இதில் குங்குமப்பூ எங்கே இருக்கிறது? எது என் கண்ணைக் கெடுத்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 · ஆய்வகத்து ஆள் (ஜூரோங் வெஸ்ட்) · திங்கள், இரவு 10.25

துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டாகக் கிரீம், லோஷன் கலக்கும் வேலையில் இருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பட்டியல் அகரவரிசை இல்லை, அழகுக்காகவும் அடுக்கியதில்லை. எடை அதிகமானது முதலில், குறைந்தது அடுத்து என்று இறங்கிவரும். ஒரு விழுக்காடு வரைக்கும்தான் இந்த ஒழுங்கு. அதற்குக் கீழே உள்ளவற்றை உற்பத்தியாளர் விருப்பம்போல் முன்பின்னாக எழுதிக்கொள்ளலாம். சாயங்கள் கடைசியில் வரும்.

ஒரு விழுக்காட்டுக் கோடு எங்கே விழுகிறது என்று பட்டியலில் எழுதியிருக்காது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஃபினாக்ஸிஎத்தனால் என்பது கெடாமல் காக்கும் பொருள். ஆசியான் விதிப்படியும் ஐரோப்பிய விதிப்படியும் அது ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாமே ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருக்க வழியில்லை.

இனி உங்கள் டப்பா. அக்வா தண்ணீர். பாராஃபினம் லிக்விடம் மினரல் ஆயில். குரோகஸ் சட்டைவஸ்தான் குங்குமப்பூ, குர்குமா லோங்கா மஞ்சள். இரண்டும் கோட்டுக்குக் கீழே, வாசனைக்கும் பின்னால் நிற்கின்றன. நான் கலக்கும் கலனில் 500 கிலோ கிரீமுக்கு இப்படிப்பட்ட சாறு 50 கிராம் ஊற்றிய நாளும் உண்டு. அந்த 50 கிராமும் பெரும்பாலும் கிளிசரின், அதில் கரைந்த கொஞ்சம் பூ.

சரி, கிரீம் எப்படி அவ்வளவு அழகான மஞ்சளாக இருக்கிறது என்று கேட்பீர்கள். சிஐ 19140 என்பது டார்ட்ரசின். ஆரஞ்சுப் பானத்திலும் கேசரிப் பவுடரிலும் போடும் அதே மஞ்சள் சாயம். பக்கத்தில் இருக்கும் 15985 கொஞ்சம் சிவப்பு தட்டிய மஞ்சள். குங்குமப்பூ நிறத்தைக் கொடுத்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

எனவே முதல் ஆறேழு பெயரைப் படித்தால் போதும். மிச்சமெல்லாம் தாளிப்பு.

3 · குங்குமச்சிமிழ் · திங்கள், இரவு 10.41

18 வெள்ளிக்குத் தண்ணீரும் மினரல் ஆயிலும் கேசரிப் பவுடருமா வாங்கி வந்திருக்கிறேன்!

4 · தோ பாயோ பாட்டி · செவ்வாய், காலை 6.15

இதனால்தான் நான் எதையும் டப்பாவில் வாங்குவதில்லை. பச்சைப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், பன்னீர். அறுபத்தெட்டு வயதாகிறது, முகத்தில் ஒரு பரு வந்தது கிடையாது. கண்ணிமைக்கு விளக்கெண்ணெய் ஒரு சொட்டு தடவிக்கொண்டு படு, கண்ணு.

5 · கண்ணாடிக்காரன் (பிடோக்) · செவ்வாய், காலை 7.50

பாட்டி, உங்கள் முகத்துக்குப் பரு வராமல் போனது உங்கள் அப்பா அம்மா கொடுத்த சொத்து. பயற்றம் மாவுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு கட்டுப்பாடு உள்ள நாட்டில், முழுக்க இயற்கை என்று எழுதிச் சாயத்தை விற்பதை யாரும் தடுக்க மாட்டார்களா? அரசாங்கம் சோதித்துப் பார்த்துத்தானே கடையில் வைக்க விடுகிறது?

6 · ஆய்வகத்து ஆள் · செவ்வாய், மதியம் 12.35

இல்லை அண்ணன். பலரும் தவறாக நினைப்பது இங்கேதான்.

மருந்து வேறு, ஒப்பனைப் பொருள் வேறு. மருந்தை விற்குமுன் ஆதாரங்களைக் காட்டிப் பதிவு வாங்க வேண்டும். ஒப்பனைப் பொருளுக்கு, விற்கப் போகும் நிறுவனம் அரசின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவித்தால் போதும். இன்னின்னது கலந்திருக்கிறது, பாதுகாப்புக்கு நான் பொறுப்பு என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். ஆணையம் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்து முத்திரை குத்துவதில்லை. சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், புகார் வந்தால் பிடிப்பார்கள். ஆசியான் நாடுகள் 2003இல் கையெழுத்திட்டு 2008 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பொது ஏற்பாடு இது. ஐரோப்பிய விதிகளைப் பார்த்து எழுதியது.

அந்த விதிப்படி டப்பாவில் கலவைப் பட்டியல் முழுதாக இருக்க வேண்டும். எங்கே தயாரானது, தொகுப்பு எண், யார் பொறுப்பு என்பதும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சாமானில் இந்த விவரங்கள் இல்லையென்றால், இறக்குமதியாளர் அவற்றை ஒரு வெள்ளை ஒட்டுச்சீட்டில் போட்டு ஒட்டியிருப்பார். அந்தச் சீட்டும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

'இயற்கை' என்ற சொல்லுக்கு மட்டும் இத்தனை விழுக்காடு என்று அந்த விதிகளில் எந்த அளவுகோலும் கிடையாது. ஒரு சொட்டு குங்குமப்பூ இருந்தாலும் படம் போட்டுக்கொள்வார்கள்.

7 · ஒப்பனைக்காரி (பஃபலோ ரோடு பக்கம்) · செவ்வாய், மாலை 4.10

கல்யாண ஒப்பனை செய்பவள். பதினைந்து ஆண்டில் எத்தனையோ முகங்களைத் தொட்டாயிற்று.

குங்குமச்சிமிழ், ஒரு விஷயம் இடிக்கிறது. கிரீமைக் கன்னத்திலும் நெற்றியிலும்தானே அதிகம் தடவுவீர்கள்? கன்னம் நன்றாக இருக்கிறதா? கன்னம் நன்றாக இருந்து, கண்ணிமையும் காதுப் பின்புறமும் பிடரியும் மட்டும் கெட்டிருந்தால் தலையிலிருந்து வழியும் பொருளைச் சந்தேகப்படுங்கள். ஷாம்பு, தலைச்சாயம், கண்டிஷனர். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. வேறு எங்கும் காட்டாததை அங்கே காட்டிவிடும்.

நகப்பூச்சு போடுகிறீர்களா? விரல் நகத்தில் போட்டது விரலை ஒன்றும் செய்யாமல், கண்ணைக் கசக்கும்போது இமையில் போய் வேலையைக் காட்டிய மணப்பெண்ணை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கண்மையை மாற்றி மாற்றிப் பார்த்தாள், பாவம்.

பாட்டி, விளக்கெண்ணெய் யோசனை வேண்டாம். புண்ணாகிக் கிடக்கும் இமையில் எதையும் தடவாமல் விடுவதே நல்லது.

8 · மல்லிகைத் தோட்டம் (உட்லண்ட்ஸ்) · செவ்வாய், இரவு 8.30

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. பட்டியலில் செட்டீரில் ஆல்கஹால் இருக்கிறதே, அது மதுசாரமா? என் உம்மா 'ஆல்கஹால்' என்ற சொல்லைப் பார்த்தாலே டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்துவிடுகிறார். இப்படியே போனால் எங்கள் வீட்டில் ஒரு கிரீமும் மிஞ்சாது.

9 · ஆய்வகத்து ஆள் · செவ்வாய், இரவு 9.05

உம்மாவிடம் சொல்லுங்கள்: பெயரில்தான் ஒற்றுமை. செட்டில், செட்டீரில், ஸ்டியரில் ஆல்கஹால்கள் எல்லாம் வெள்ளை மெழுகுச் சீவல்கள். பெரும்பாலும் தேங்காய், பனை எண்ணெயிலிருந்து வருபவை. எங்களுக்கு 25 கிலோ மூட்டையில் வரும், கையில் எடுத்தால் மெழுகுவர்த்தித் துருவல் போல இருக்கும். கிரீமுக்குக் கெட்டித்தன்மை தருகின்றன. தோலை உலர்த்துவதில்லை.

சாராய வகை என்றால் வெறும் 'ஆல்கஹால்', 'ஆல்கஹால் டீனேச்சர்டு', 'எத்தனால்' என்று எழுதியிருக்கும். மார்க்க விஷயத்தை உங்கள் உஸ்தாதிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது வேதியியல் மட்டும்.

10 · சைவக்கொத்து (அங் மோ கியோ) · புதன், காலை 8.20

நானும் பட்டியல் படிக்கிற ஆள்தான், காரணம் வேறு. நாற்பது ஆண்டு சைவம். போன ஆண்டுதான் தெரிந்தது, விபூதி பூசுமுன் தினமும் தேய்த்துக் குளித்த சோப்பில் 'சோடியம் டாலோவேட்' என்று முதல் பெயராக இருந்தது. டாலோ என்றால் மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இப்போது சோடியம் பாமேட், சோடியம் கோகோவேட் என்று இருந்தால்தான் வாங்குகிறேன். முதலாவது பனை எண்ணெய், அடுத்தது தேங்காய். உதட்டுச்சாயத்தில் சிஐ 75470 என்று இருந்தால் அது ஒருவகைப் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. மகளிடம் காட்டினேன், அவள் "அப்பா, தயவுசெய்து இனிமேல் என் மேசையைப் படிக்காதீர்கள்" என்றாள்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. கிளிசரின் செடியா, விலங்கா?

11 · ஆய்வகத்து ஆள் · புதன், மதியம் 1.15

இரண்டாகவும் இருக்கலாம். பட்டியலில் 'கிளிசரின்' என்று மட்டும்தான் வரும், எதிலிருந்து வந்தது என்று வராது. ஸ்டியரிக் ஆசிடும் அப்படியே. ஸ்குவாலேன் சுறாவின் ஈரலிலிருந்தும் வரும், ஆலிவிலிருந்தும் வரும். நிறுவனத்துக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

12 · கண்ணாடிக்காரன் · புதன், மதியம் 1.40

நன்றாக இருக்கிறது. எவ்வளவு என்று சொல்லாது, எங்கிருந்து என்று சொல்லாது, அரசாங்கமும் முன்கூட்டிப் பார்க்காது. பிறகு பூதக்கண்ணாடி எதற்கு?

13 · ஒப்பனைக்காரி · புதன், மாலை 3.30

கோபம் நியாயம். ஆனாலும் ஒரு பட்டியலும் இல்லாத டப்பாக்களை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது, அண்ணன்.

என்னிடம் வந்த ஒரு பெண், முகம் வெளுக்க வேண்டும் என்று இணையத்தில் யாரோ விற்ற கிரீமை வாங்கிப் பூசினாள். மூடியில் ஒரு பெண்ணின் படம், பின்பக்கம் மொழி தெரியாத இரண்டு வரி. ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முகம் தக்காளி நிறத்தில் எரிந்தது, மறுபடி பூசினால் அடங்கியது. ஸ்டீராய்டு கலந்த கிரீமின் குணமே இதுதான் என்று மருத்துவர் சொன்னாராம். தோல் காகிதம்போல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்தன. அவளுடைய கல்யாணத்துக்கு நான்தான் ஒப்பனை செய்தேன். பஞ்சு வைத்துத் தொட்டாலே கண்ணீர் விட்டாள்.

சுகாதார அறிவியல் ஆணையம் ஆண்டுதோறும் இப்படிப்பட்ட கிரீம்களைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. அவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், ஸ்டீராய்டு என்று ஏதாவது அகப்படுகிறது. பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்பது விதி. கலப்பவர்கள் அதைப் பட்டியலில் எழுதுவார்களா? பூசியவளின் தலையணையிலும் துண்டிலும் ஒட்டி வீட்டுக் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். சில நாளில் வெளுக்கும் என்று யாராவது சொன்னால் படிப்பதற்கு ஒன்றும் இல்லை, வாங்காமல் வந்துவிடுங்கள்.

தீபாவளி நெருங்குவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருதாணி கறுப்பாக இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் பிடித்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக மாறும். வைத்த அரை மணியில் கன்னங்கரேல் என்று ஏறினால் அதில் தலைச்சாயத்துக் கறுப்பைக் கலந்திருக்கிறார்கள். பிபிடி என்பார்கள். கைநிறையக் கொப்புளம் வந்து, அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் தலைச்சாயமே போட முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

14 · மட்டுறுத்துநர் · புதன், மாலை 5.00

எந்தக் கடை, எந்தக் கிரீம் என்று கேட்டுச் சிலர் தனிச்செய்தி அனுப்புகிறார்கள். கடைப் பெயரை இங்கே எழுத வேண்டாம். உடம்புக்கு ஆகாத பொருள் என்று தோன்றினால் ஆணையத்துக்கு நேரடியாகத் தெரிவியுங்கள்.

15 · குங்குமச்சிமிழ் · புதன், இரவு 9.55

ஒப்பனைக்காரி அக்கா, உங்கள் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. கன்னம் நன்றாகத்தான் இருக்கிறது! நகப்பூச்சு போடுவதில்லை. கிரீமை நிறுத்தி மூன்று நாளாகிறது, இமையில் மாற்றமே இல்லை.

குளியலறைக்குப் போய் ஷாம்பு போத்தலை எடுத்து வந்தேன். முன்பக்கம் 'பாராபென் இல்லை, சல்ஃபேட் இல்லை, சிலிகான் இல்லை' என்று மூன்று இல்லை. அதைப் பார்த்துத்தான் ஆறு மாதத்துக்கு முன் மாறினேன். பட்டியல் நீளம், ஆகவே கடைசி வரியை மட்டும் எழுதுகிறேன்: பர்ஃப்யூம், சிட்ரிக் ஆசிட், மெத்தில்குளோரோஐசோதயசோலினோன், மெத்தில்ஐசோதயசோலினோன். எழுதி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆய்வகத்து அண்ணன் சொன்னபடி பார்த்தால் இதெல்லாம் தாளிப்புதானே?

16 · ஆய்வகத்து ஆள் · புதன், இரவு 10.50

தங்கச்சி, திங்கட்கிழமை நான் எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முதல் ஆறேழு பெயரைப் படித்தால் போதும் என்றது தப்பு.

என் பழக்கதோஷம் அது. கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போடுகிறவன் பட்டியலின் தலையைப் பார்ப்பான். ஒவ்வாமையைத் தேடுகிறவர் வாலைப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை வர ஒரு விழுக்காடுகூடத் தேவையில்லை. நீங்கள் எழுதிய கடைசி இரண்டும் கிருமி வளராமல் தடுப்பவை. கழுவிவிடும் பொருளில் இந்த ஜோடிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.0015 விழுக்காடு. ஒரு டன் ஷாம்புவில் 15 கிராம். அந்த 15 கிராமும் சிலருடைய தோலுக்கு அதிகம்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பாராபென் என்பது பல பத்தாண்டுகளாகப் புழங்கிவந்த, கெடாமல் காக்கும் பொருள். 2004இல் மார்பகப் புற்றுக்கட்டியில் பாராபென் இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. அது புற்றை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் பயம் பரவியது, நிறுவனங்கள் 'பாராபென் இல்லை' என்று எழுத ஓடின. பாராபென்னை எடுத்தால் அந்த இடத்தில் ஏதாவது ஒன்று வேண்டுமே, இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர் கலந்த எதுவும் சில வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். பல இடங்களில் மெத்தில்ஐசோதயசோலினோன் உள்ளே வந்தது. ஒவ்வாமை பெருகியது. அமெரிக்காவின் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர் சங்கம் 2013இல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. ஐரோப்பாவில் 2017 முதல் கழுவாமல் விடும் கிரீம், ஈரத்துடைப்பான் எதிலும் அதைப் போடக்கூடாது. வேடிக்கை என்னவென்றால் அதே சங்கம் 2019இல் பாராபென்னைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வாமை தராத பொருள் என்ற தலைப்பில்!

உங்கள் போத்தலில் மூன்று 'இல்லை' இருக்கிறது. எது இல்லை என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், அதற்குப் பதிலாக வந்தது எது என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுவார்கள்.

இது என் ஊகம் மட்டுமே. கிரீமில் உள்ள லினலூல், லிமோனீன் இரண்டும் வாசனைப் பொருள்கள், அவற்றாலும் வரலாம். பலதுறை மருந்தகத்தில் காட்டி, தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். முதுகில் ஒட்டுச்சோதனை செய்வார்கள்.

17 · தோ பாயோ பாட்டி · வியாழன், காலை 6.05

நான்தான் அன்றைக்கே சொன்னேனே. லினலூல் லிமோனீன் என்று வாயில் நுழையாத பெயரெல்லாம் எதற்கு? எலுமிச்சைத் தோலைக் காயவைத்து அரைத்துத் தேய்த்தால் ஆகாதா?

18 · ஒப்பனைக்காரி · வியாழன், காலை 10.15

பாட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது. எலுமிச்சைத் தோலில் மணப்பதே லிமோனீன்தான்! லினலூல் துளசியிலும் கொத்தமல்லி விதையிலும் இருக்கிறது. செடியிலிருந்து வந்தால் என்ன, ஆலையிலிருந்து வந்தால் என்ன, தோலுக்கு வித்தியாசம் தெரியாது. இவை இரண்டும் காற்றுப்பட்டுப் பழசாகப் பழசாகத்தான் அதிகம் ஒவ்வாமையைக் கிளப்பும். ஆகவே திறந்து இரண்டு வருடமான எண்ணெய்ப் புட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூசை செய்யாதீர்கள். மூடி திறந்த டப்பாப் படம் ஒன்று பின்பக்கம் இருக்கும். அதற்குள் 12 என்று போட்டிருந்தால் திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று அர்த்தம். நான் திறந்த தேதியைப் பேனாவால் அடியில் எழுதிவிடுவேன்.

19 · மல்லிகைத் தோட்டம் · வியாழன், இரவு 9.20

நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு என் கொரியக் கிரீமைத் திருப்பிப் பார்த்தேன். 42 வெள்ளி. இரண்டாவது பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. தேடிப் பார்த்தால் அது நம் வல்லாரை! தேக்கா சந்தையில் உம்மா கட்டுக்கட்டாக வாங்கித் துவையல் அரைப்பது. உம்மா சிரித்த சிரிப்பு அடுத்த புளோக்குக்குக் கேட்டிருக்கும்.

20 · ஆய்வகத்து ஆள் · வியாழன், இரவு 9.45

இரண்டாவது இடத்தில் இருந்தால் அந்த நிறுவனம் ஓரளவு மனசாட்சி உள்ளதுதான். செடிப்பெயர்களை லத்தீனில் எழுதுவது உலக வழக்கம். அசாடிரக்டா இண்டிகா வேம்பு. கிளிசிரைசா கிளாப்ரா அதிமதுரம். சந்தாலம் ஆல்பம் சந்தனம். எக்லிப்டா என்று தொடங்கினால் கரிசலாங்கண்ணி. லாசோனியா இனெர்மிஸ் மருதாணி. தலைச்சாயப் பொட்டலத்தில் மருதாணிப் படம் இருந்து, லாசோனியா என்ற பெயரே பட்டியலில் இல்லாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

துவையல் அரைத்த கையோடு முகத்திலும் அப்பிக்கொள்ள வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவையுங்கள். பச்சை இலைச்சாறும் சுத்திகரித்த சாறும் ஒன்றல்ல.

21 · கண்ணாடிக்காரன் · வெள்ளி, காலை 8.00

புதிதாக வாங்கும் ஒன்றை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? இதைக் கேட்பது எனக்காக அல்ல. சரி, எனக்காகத்தான். தாடிக்கு ஓர் எண்ணெய் வாங்கினேன்.

22 · ஒப்பனைக்காரி · வெள்ளி, காலை 11.30

முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ஐம்பது காசு அகலத்துக்கு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தடவுங்கள். ஒரு நாள் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஒவ்வாமை மெல்ல வரும். கழுவாமல் விடும் பொருளுக்கு மட்டும் இந்த வழி. ஷாம்புவையும் சோப்பையும் இப்படித் தடவி விட்டால் நல்ல தோலும் எரியும்.

23 · குங்குமச்சிமிழ் · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

காணாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

ஷாம்புவை அன்றைக்கே மாற்றினேன். காதுப் பின்புறமும் பிடரியும் இரண்டு வாரத்தில் சுத்தமாகிவிட்டன. இமை மட்டும் ஆறவில்லை. தீபாவளிக்குச் செங்காங்கில் தங்கை வீட்டில் நான்கு நாள் தங்கினேன். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்தது, நான்காம் நாள் மை போட்டுக்கொண்டேன்! அதிரசமும் பட்டாசு வாசனையுமாக ஈசூனுக்குத் திரும்பினேன். மறுநாள் காலை மறுபடி அதே கண்.

போன வாரம் ஒட்டுச்சோதனை நடந்தது. முதுகு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டி, பேனாவால் எண் போட்டார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. சிங்கப்பூரில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்று கேட்டேன். தாதி சிரித்துவிட்டு, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருங்கள் என்றார். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள், மறுபடி நான்காம் நாளும் பார்த்தார்கள். ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. மெத்தில்ஐசோதயசோலினோன். வாசனைப் பொருள், சாயம், கம்பளிக் கொழுப்பு எல்லாம் வெறுமை. குங்குமப்பூ கிரீம் நிரபராதி.

ஷாம்புவைத்தான் மாற்றிவிட்டேனே, பிறகு ஏன் இமை ஆறவில்லை என்று கேட்டேன். மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "வீட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்தீர்களா?" என்றார்.

24 · ஆய்வகத்து ஆள் · ஞாயிறு, இரவு 8.40

அடடா. முதல் பதிவிலேயே பெயிண்ட் வாசனை என்று எழுதியிருந்தீர்கள். பதினோரு ஆண்டு அனுபவம் என்று தம்பட்டம் அடித்த நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

தண்ணீர் கலந்து செய்யும் சுவர்ப் பெயிண்டும் டப்பாவுக்குள் பூக்காமல் இருக்க இதே பொருளைப் போடுவார்கள். அடித்த பிறகு வாரக்கணக்கில் அது காற்றில் கசியும். ஏற்கெனவே ஒவ்வாமை வந்த ஒருவருக்கு அந்த அறையில் உட்கார்ந்திருப்பதே போதும், முதலில் அகப்படுவது இமைதான். ஷாம்பு உங்கள் உடம்புக்கு அதை அறிமுகப்படுத்தியிருக்கும், சுவர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

25 · கண்ணாடிக்காரன் · ஞாயிறு, இரவு 9.00

பெயிண்ட் டின்னில் கலவைப் பட்டியல் இருக்காதா?

26 · ஆய்வகத்து ஆள் · ஞாயிறு, இரவு 9.10

முழுப் பட்டியல் போடும் கட்டாயம் ஒப்பனைப் பொருளுக்குத்தான். பெயிண்ட், பாத்திரம் தேய்க்கும் திரவம், துணி சோப்புத் திரவம் இவற்றில் அந்த அளவுக்கு எழுதியிருக்காது. நிறுவனத்திடம் பாதுகாப்புத் தகவல் தாள் கேட்டு வாங்கலாம். பெயர் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும்.

27 · குங்குமச்சிமிழ் · ஞாயிறு, இரவு 9.50

முன்பே கேட்டுவிட்டேன். மீதிப் பெயிண்ட் அரை டின் வீட்டுக் காப்பறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அதில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்து, மறுநாளே தாளை மின்னஞ்சலில் வரவழைத்தார். பதினொரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது. அப்பா பூதக்கண்ணாடி இல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டார், ஐந்து வாரமாக நான் புலம்பிப் புலம்பி அவருக்கு மனப்பாடம்.

இப்போது சன்னல்களைத் திறந்து வைத்து மின்விசிறியை ஓடவிட்டிருக்கிறோம். நான் இன்னும் இரண்டு வாரம் தங்கை வீட்டில். குங்குமப்பூ கிரீமை அம்மா எடுத்துக்கொண்டார். கேசரிப் பவுடர் விஷயத்தைச் சொன்னேன். "நிறம் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்.

28 · சைவக்கொத்து · திங்கள், காலை 8.10

பாத்திரம் தேய்க்கும் திரவம் என்று படித்ததிலிருந்து மனைவி கையுறை கேட்கிறாள். ரப்பர் கையுறைக்கு ஏதாவது ஒவ்வாமை உண்டா?

29 · ஆய்வகத்து ஆள் · திங்கள், மதியம் 12.30

உண்டு. அதற்குப் புது இழை தொடங்குங்கள் ஐயா.